புல்லுக்கு வேலி

சித்திரையில் வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் படுவது இவ்வளவுதான்: செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம், தரையோடு ஒட்டிக் காய்ந்த புல்தூறு, அங்கங்கே குடை விரித்து நிற்கும் வெள்ளைப் பட்டை மரங்கள், ஓர் இலைகூட இல்லாத முள்வேலி. பக்கத்து இருக்கையில் வெளியூர்க்காரர் யாராவது இருந்தால் "எத்தனை ஏக்கர் சும்மா கெடக்குது பாருங்க" என்று அங்கலாய்ப்பார். சும்மா கிடக்கவில்லை. அறுவடை முடிந்த வயல் அது. அரிவாளுக்குப் பதில் மாட்டின் நாக்கு அறுத்திருக்கிறது.

அதன் பெயர் கொரங்காடு. கொறங்காடு என்றும் எழுதுகிறார்கள். கொங்கு நாட்டில் காடு என்றால் வனம் இல்லை என்பதை மற்ற ஊர்க்காரர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் பாயும் நிலம் தோட்டம். வானம் பார்த்த நிலம் காடு. "அப்பாரு காட்டுக்குப் போயிருக்காரு" என்றால் புலி வேட்டைக்குப் போகவில்லை. மானாவாரி நிலத்தில் எங்கேயோ நிற்கிறார் என்று பொருள். கொரங்காடு அப்படி ஒரு காடு. அதில் விளைவிக்கும் பயிர் புல். காங்கயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்து வறண்ட மேடுகளில் தொடங்கி ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகள் வரை இது உண்டு. இந்தியாவின் மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதி ஊர்ப்பொதுவிலோ அரசிடமோ இருக்க, கொரங்காடு பெரும்பாலும் பட்டா நிலம். சோளமோ பருத்தியோ போட்டிருக்கக்கூடிய சொந்த நிலத்தை ஒரு குடும்பம் தலைமுறைகளாகப் புல்லுக்கென்றே விட்டு வைத்திருக்கிறது.

ஐக்கிய நாடுகள் அவை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. மங்கோலியா முன்மொழிந்து 2022 மார்ச்சில் நிறைவேறிய தீர்மானம் அது. பூமியின் தரைப்பரப்பில் 54 விழுக்காடு ஏதோ ஒரு வகை மேய்ச்சல் நிலம் என்று 2021இல் வெளியான உலக நிலப்படத் தொகுப்பு கணக்குக் காட்டியது. இன்னொரு பக்கம், கெட்ட மண்ணை மீண்டும் வளமாக்கும் வேளாண்மை என்ற பொருளில் 1980களில் அமெரிக்காவின் ராபர்ட் ரோடேல் பரப்பிய 'மீளுருவாக்க வேளாண்மை' என்ற சொல் இன்று பன்னாட்டு உணவு நிறுவனங்களின் விளம்பரம் வரை வந்துவிட்டது. இந்த அலையில் கொரங்காட்டையும் தூக்கிப் பிடித்து, அமெரிக்கக்காரன் இன்று சொல்வதை நம் முன்னோர் என்றோ செய்தார்கள் என்று மார்தட்டும் காணொளிகள் வருகின்றன. பெருமைப்படுவதில் தப்பில்லை. அது எதனால் நடக்கிறது, எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை அந்தக் காணொளிகள் சொல்வதில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம்.

மூன்று செடிகளில் தொடங்குகிறது. கொழுக்கட்டைப் புல், வெள்வேலம், முள்கிளுவை.

கிளுவைதான் வேலி. போத்து வெட்டி நெருக்கமாக நட்டால் வேர்பிடித்துவிடும். கிளைகளை வளைத்துப் பின்னிவிட்டால் சில ஆண்டுகளில் குட்டியாடுகூட நுழைய முடியாது. கோடையில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், மழை விழுந்ததும் பச்சையாகிவிடும். வெட்டிய கிளையின் தழை வெள்ளாட்டுக்குத் தீனி. கீரி, ஓணான், கவுதாரி எல்லாம் அதற்குள் குடியிருக்கும். காற்றில் பறந்து வரும் மண்ணும் புல்விதையும் அதன் அடியில் தேங்கும். பழைய வேலிகளின் ஓரத்தில் தரை சற்று மேடு தட்டியிருப்பது அதனால்தான். ஒருவருடைய கொரங்காடு இப்படி வேலிகளால் சில துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் நுழைய ஒரு கடவு, அதை மூட ஒரு படல். இந்தப் படலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப் போகிறேன்.

வெள்வேலம் நிழல் தரும் மரம். கோடையில் புல் தீர்ந்த சமயம் பார்த்து நெற்று உதிரும். ஆடு மாடுகள் அதைப் பொறுக்கித் தின்கின்றன. கெட்டி ஓட்டு விதைகள் வயிற்றுக்குள் போய்ச் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்து, போன இடமெல்லாம் முளைக்கின்றன. ஆள் வைத்து நடாமலே மரம் பெருகும் வழி. (இதே மரத்தின் பட்டையை வெல்லத்தோடு ஊறப்போட்டுக் காய்ச்சியதுதான் பட்டைச் சாராயம். கொரங்காட்டின் பொருளாதாரத்தில் இந்த அத்தியாயத்தை யாரும் எழுதுவதில்லை.)

புல்லுக்கு வருவோம். கொழுக்கட்டைப் புல் பல ஆண்டு வாழும். தண்டின் அடிப்பகுதி பருத்து அதில் உணவைச் சேர்த்து வைக்கும். மண்ணில் இடமிருந்தால் வேர் இரண்டு மீட்டர் வரைகூட இறங்கும். மேலே கருகிப்போனாலும் அடியில் உயிர் இருக்கும். ஒரு கோடைமழை போதும், நாலைந்து நாளில் குருத்து விட்டுவிடும். அதன் இடையிடையே நரிப்பயத்தங்கொடி போன்ற பயறினக் கொடிகள் தாமாகப் படர்ந்து, காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று மழையைத் தருவதைவிட ஈரத்தை உறிஞ்சிப் போவதே அதிகம். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பயிர் நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால் அது இந்த மாதிரிப் புல்லாகத்தான் இருக்க முடியும்.

ஆனால் எந்தப் புல்லையும் கொல்லலாம். வழி எளிது: குருத்து விட்டவுடன் மேய்க்க வேண்டும், அடுத்த குருத்து விட்டவுடன் மறுபடி மேய்க்க வேண்டும்.

இலை போனால் வேருக்கு என்ன ஆகிறது என்பதை அமெரிக்க வேளாண் துறையின் ஃபிராங்க்ளின் கிரைடர் அளந்து 1955இல் வெளியிட்டார். இலைத்தொகுதியில் பாதி வரை வெட்டினால் வேர் வளர்ச்சி ஏறக்குறையத் தடைப்படவில்லை. பாதியைத் தாண்டியதும் நிலைமை சட்டென்று மாறியது. 80 விழுக்காட்டை வெட்டிய புற்களில் வேர் வளர்ச்சி அடியோடு நின்று, மீண்டும் தொடங்கப் பல நாட்கள் ஆயின. மேலே ஒட்ட மேய்ந்த புல் கீழேயும் குட்டையாகிறது. வேர் குட்டையானால் அடுத்த வறட்சியில் ஈரத்தை எட்டாது. அந்த இடத்தில் பல ஆண்டுப் புல் செத்து, மழைக்கு முளைத்து மழையோடு சாகும் ஓராண்டுப் புல் வரும். அதுவும் போனால் ஆடு தொடாத செடிகள். பிறகு வெறும் தரை.

ஏறக்குறைய அதே சமயம் பிரான்சின் நார்மாண்டியில் சொந்தப் பண்ணை வைத்திருந்த வேதியியலாளர் ஆந்த்ரே வாசின் தன் மாடுகளின் பின்னால் நடந்து இன்னொன்றைக் கண்டார். நிலம் கெடுவது மாடுகளின் எண்ணிக்கையால் மட்டும் அல்ல. ஒரே மாடு ஒரே செடியிடம் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதால். ஒரு நாளில் நூறு மாடு மேய்ந்துவிட்டுப் போய், புல் முழுதாக மீண்ட பிறகு வந்தால் நிலம் பிழைக்கும். ஒற்றை மாட்டை ஆண்டு முழுக்கக் கட்டவிழ்த்து விட்டால் அது இளங்குருத்தாகத் தேடித் தேடி ஒரே தூறுகளைத் தின்று கொல்லும். ருசியில்லாத செடி பக்கத்தில் செழிக்கும். 1957இல் அவர் எழுதிய நூல் பல நாடுகளுக்குப் போயிற்று. 1964இல் பாடம் நடத்தக் கியூபா போனவர் அங்கேயே இறந்தார்.

வாசின் சொன்ன ஓய்வுதான் கடவில் சாத்திய படல். மழைக்காலத்தில் புல் தலையெடுக்கும்போது ஒரு துண்டை அடைத்துவிடுகிறார்கள். பூத்து விதை உதிர்ந்த பிறகு திறக்கிறார்கள். அதுவரை மற்றத் துண்டுகள், அல்லது சாளை என்கிற காட்டு வீட்டுப் பக்கத்தில் அடுக்கி வைத்த சோளத்தட்டுப் போர். திறந்த துண்டில் முதலில் மாடு, அதன் பிறகு செம்மறி. மாடு நாக்கைச் சுற்றி வளைத்துப் பிடுங்கும். தரையை ஒட்ட அதனால் கடிக்க முடியாது. செம்மறி ஆடு அடிவரை கறும்பிவிடும். ஆட்டை முதலில் விட்டால் மாட்டுக்கு மிஞ்சாது, புல்லுக்கும் மிஞ்சாது. புல் அடர்த்தி குறைந்துபோன துண்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்து, மறுபடி புல்லுக்கு விடுவதும் உண்டு. எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்பதற்கு நாள்காட்டி கிடையாது. மழை எப்போது பெய்தது, விதை உதிர்ந்ததா, வீட்டில் எத்தனை உருப்படி, பக்கத்துக் காட்டுக்காரர் மேய்ச்சல் குத்தகைக்குக் கேட்கிறாரா என்று ஒவ்வொன்றையும் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

மண்ணுக்கு இதனால் என்ன கிடைக்கிறது? இங்கே மிகைப்படுத்தல்கள் அதிகம் என்பதால் சற்று நிதானிக்கிறேன்.

தமிழ் வேளாண் காணொளிகளிலும் புழங்கும் ஒரு கணக்கு உண்டு: மண்ணில் மட்கு ஒரு விழுக்காடு கூடினால் ஏக்கருக்கு 75,000 லிட்டர் தண்ணீர் கூடுதலாகத் தேங்கும். அமெரிக்காவில் 20,000 கேலன் என்று சொன்னதன் தமிழாக்கம் அது. சிட்னி பல்கலைக்கழகத்தின் புடிமான் மினாஸ்னியும் அலெக்ஸ் மெக்பிராட்னியும் உலகம் முழுவதிலிருந்தும் 50,000க்கும் மேற்பட்ட மண் அளவீடுகளைச் சேர்த்து 2018இல் சோதித்துப் பார்த்தார்கள். கரிமம் ஒரு விழுக்காடு கூடினால், செடிக்குக் கிடைக்கும் நீர் 10 சென்டிமீட்டர் ஆழ மண்ணுக்குச் சராசரியாக 1.16 மில்லிமீட்டர்தான் கூடுகிறது. ஓரடி ஆழத்துக்குச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். ஏக்கருக்கு 14,000 லிட்டர். பங்குனி வெயில் அதை ஒரே நாளில் குடித்துவிடும். மேலும், மட்கில் ஏறத்தாழ பாதிக்குச் சற்று மேலேதான் கரிமம். ஆகவே மட்குக் கணக்கில் பார்த்தால் லாபம் இன்னும் சிறிது. நம் வறண்ட செம்மண்ணில் கரிமம் பெரும்பாலும் அரை விழுக்காட்டுக்கும் கீழே இருக்கிறது. அதில் ஒரு விழுக்காட்டைக் கூட்டுவது என்றால் மூன்று மடங்காக்க வேண்டும். வெயில் மட்கை எரித்துத் தள்ளும் இந்த ஊரில் அது பேரப்பிள்ளைகள் காலத்து வேலை.

அப்படியானால் புல்லால் பயனில்லையா? பயன் வேறொரு இடத்தில் இருக்கிறது. வெறும் செம்மண்ணில் பெருந்துளி விழும்போது மண்கட்டி உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்து, மேலே ஒரு பொறுக்குத் தட்டுகிறது. அதன் பிறகு விழும் மழை உள்ளே இறங்காது, ஓடும். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் கொட்டுவது இங்கே அரிதில்லை. அதில் பாதி ஓடிவிட்டால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் போயிற்று. கூடவே மேல்மண்ணும் போயிற்று. தரை மேல் காய்ந்த புல்லாவது கிடந்தால் துளியின் அடி மண்ணில் படாது. தூறுகள் ஓட்டத்தைத் தடுக்கும், பழைய வேர் அழுகிய துளைகள் வழியே தண்ணீர் இறங்கும். மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்க, வாசலில் வந்த தண்ணீர் உள்ளே நுழைந்ததா என்பதே வறண்ட நிலத்தின் கேள்வி. 14,000 லிட்டருக்கும் ஒரு லட்சம் லிட்டருக்கும் உள்ள தூரம் அது. அடுத்து ஆடி. அம்மியும் பறக்கும் காற்றில் மூடாத மேல்மண் எத்தனை நாள் நிற்கும்? அப்போது தரையில் கிடக்கும் பழம்புல்லைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் காற்றில் ஒருநாள் புழுதி தின்னக் கொடுக்க வேண்டும்.

சாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வறண்ட நிலத்தில் சாணம் தானாக மட்காது, வெயிலில் ஓடாகிவிடும். அதை மண்ணுக்குள் கொண்டுபோவது கரையானும் சாண வண்டும்தான். ஆஸ்திரேலியாவுக்கு ஐரோப்பியர் மாடு கொண்டுபோனபோது அந்தச் சாணத்தைக் கையாளும் வண்டுகள் அங்கே இல்லை. கங்காருப் புழுக்கைக்குப் பழகிய வண்டுகள் மாட்டுச் சாணத்தைச் சீந்தவில்லை. மேய்ச்சல் நிலம் முழுக்க ஓடு ஓடாகச் சாணம், அதில் ஈ. 1960களில் ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியலாளர் முன்நின்று ஆப்பிரிக்காவிலிருந்து வண்டுகளை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. நமக்கு அவை இலவசமாக இருக்கின்றன. ஆனால் மாட்டுக்கு உண்ணிக்கும் புழுவுக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து சாணத்தின் வழியே வெளியேறி வண்டின் புழுக்களைக் கொல்கிறது. இது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை; மொத்த மந்தைக்கும் ஒரே நாளில் போடாமல், தேவைப்பட்ட உருப்படிக்கு மட்டும் போடலாம்.

மேய்ச்சலால் பாலைவனத்தைத் திருப்பலாம் என்று உலகுக்குச் சொன்னவர் ஆலன் சேவரி. 1935இல் அன்றைய ரொடீசியாவின் புலவாயோவில் பிறந்தவர், காட்டுயிர் ஆய்வாளர். யானைகள் பெருத்து நிலம் கெடுகிறது என்று இளவயதில் அவர் முடிவுகட்டிப் பரிந்துரைத்ததால் சுமார் 40,000 யானைகள் சுடப்பட்டன. நிலம் தேறவில்லை, மேலும் கெட்டது. தன் வாழ்நாளின் ஆகப்பெரிய, ஆகத் துயரமான பிழை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பிழையிலிருந்து எதிர்த்திசைக்குப் போனார்: நிலத்துக்கு வேண்டியது விலங்கில்லாமை அல்ல, நெருக்கமாகக் கூடி வேகமாக நகரும் மந்தை. 2013இல் ஒரு மேடையில் அவர் ஆற்றிய உரை இணையத்தில் லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. பருவநிலை மாற்றத்தையே மேய்ச்சலால் திருப்பிவிடலாம் என்கிற அளவுக்கு அதில் பேசினார்.

அந்தப் பேச்சுக்கு ஐந்தாண்டு முன்பே, 2008இல், டேவிட் பிரிஸ்கேயும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை நடந்த களச்சோதனைகளைத் தொகுத்திருந்தார்கள். சுற்றுமுறை மேய்ச்சலையும் தொடர் மேய்ச்சலையும் ஒப்பிட்ட 23 சோதனைகளில் 20இல், தொடர் மேய்ச்சலில் புல் விளைச்சல் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தது. சேவரி தரப்பின் பதில்: அந்தச் சோதனைகள் நாள் குறித்து மாட்டை மாற்றியவை, சிறு துண்டு நிலங்களில் நடந்தவை, உண்மையான மேய்ப்பர் புல்லைப் பார்த்து முடிவெடுக்கிறார். நியாயமான மறுப்புதான். அதையும் சோதித்தார்கள். கொலராடோவில் 2014 முதல் பண்ணையாளர்களையும் ஆய்வாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, புல்லைப் பார்த்துப் பார்த்து மந்தையை நகர்த்தினார்கள். முதல் ஐந்தாண்டில் புல்லில் பெரிய வேறுபாடு இல்லை. காளைக்கன்றுகளின் எடை மட்டும் 12 முதல் 16 விழுக்காடு குறைவாக ஏறிற்று.

இதைப் படித்துவிட்டு, மேய்ச்சலைச் சுற்றுமுறையில் நடத்துவதே வீண் என்று முடிவு செய்வோரும் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் மாட்டின் எண்ணிக்கை ஒன்றுதான். அதுவும் நிலம் தாங்கும் அளவுக்குள். அப்படி இருந்தால் நகர்த்தினாலும் நகர்த்தாவிட்டாலும் புல் பிழைத்துக்கொள்ளும். முதலில் எண்ணிக்கை, பிறகுதான் சுற்று. நம் ஊர்ப் புறம்போக்கில் எண்ணிக்கைக்கு எல்லை வைக்க ஆளில்லை. நான் என் ஆட்டை நிறுத்தினால் அந்தப் புல்லைப் பக்கத்து வீட்டு ஆடு தின்னும். கொரங்காட்டில் புல்லும் மாடும் ஒரே வீட்டுக் கணக்கில் வருகின்றன. புல் தீர்ந்தால் தட்டுப் போருக்குக் கை வைக்க வேண்டும், இல்லையேல் கண்ணபுரம் சந்தையில் ஒரு உருப்படியை விற்க வேண்டும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். சேவரியின் மந்தைக் கோட்பாடு சரியா தப்பா என்பதைவிட, கடவை அடைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் வறண்ட மேய்ச்சல் நிலத்தின் விதியைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். அந்த அதிகாரம் பட்டாக்காரரிடம்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஊர்க்கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஊர்ப்பொது மேய்ச்சலுக்கான மேய்க்கால் நிலங்களும் பிழைத்தன. கட்டுப்பாடு போனது, வேலி எப்போதும் இருந்ததில்லை, சீமைக்கருவேலம் உள்ளே வந்தது. குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள பன்னி புல்வெளியில், உப்பு பரவாமல் தடுக்க என்று சொல்லி 1960களில் அரசே சீமைக்கருவேலத்தை விதைத்தது. மால்தாரி மேய்ப்பர்கள் அந்த மரத்தோடு இன்றுவரை மல்லுக்கட்டுகிறார்கள்.

செடியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் கொழுக்கட்டைப் புல்லே சாட்சி. 1870களில் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிக்கு ஒட்டகம் ஓட்டப் போன ஆப்கானியர்களின் சேணத்துக்குள் மெத்தையாக அடைத்திருந்த வைக்கோலோடு அந்தப் புல்லின் விதையும் போனது. அமெரிக்காவில் 1930களுக்குப் பின் மண்ணரிப்பைத் தடுக்கவும் மாட்டுத் தீவனத்துக்கும் என்று அரசு உதவியோடு பரப்பினார்கள். இன்று அரிசோனாவின் சொனோரா பாலையில் தன்னார்வலர்கள் வாரக்கடைசியில் கடப்பாரையோடு போய் அதைத் தூறு தூறாகப் பிடுங்குகிறார்கள். அந்தப் பாலையின் செடிகள் இடைவெளி விட்டு வளர்பவை, தீ பரவாது. கொழுக்கட்டை அந்த இடைவெளியை அடைத்துவிட, ஒரு பொறி போதும், நூறாண்டு வளர்ந்த சவாரோ கள்ளிகள் எரிந்து சாய்கின்றன. காங்கயத்தில் இதே புல் தீக்கு இரையாகும் அளவுக்கு மிஞ்சுவதில்லை, மாடு விட்டுவைப்பதில்லை. ஆக, கொரங்காட்டிலிருந்து புல்லை மட்டும் எடுத்துப் போவது மாவில்லாமல் ஆட்டுக்கல்லை மட்டும் தூக்கிப் போவது போல.

அந்த மாட்டுக்கும் வருவோம். காங்கயம் மாட்டைக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கவலையை இழுக்கவும் வண்டி இழுக்கவும் வளர்த்தார்கள். கன்று செந்நிறத்தில் பிறந்து சாம்பல் நிறமாகும்; காளைக்குத் திமிலும் கழுத்தும் கருக்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இனத்தூய்மை பார்த்துக் காத்ததால் அதற்குப் பெயரும் நிலைத்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது, பம்புசெட்டுகள் பெருகின, கவலைக்கு வேலை போயிற்று. அடுத்து டிராக்டரும் லாரியும் உழவையும் பாரத்தையும் எடுத்துக்கொண்டன. மிஞ்சியது பால்; நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் பசு, பால் சொசைட்டியில் கலப்பினப் பசுவோடு போட்டி போட முடியுமா? கலப்பினப் பசு வெயிலில் கொரங்காட்டை மேயாது. கொட்டகையில் கட்டித் தீவனம் போட வேண்டும். மாடு மாறியதும் கொரங்காட்டுக்கு வேலை குறைந்தது. இன்று அதைத் தாங்கிப் பிடிப்பது மேச்சேரி செம்மறிதான். கறிக்கும் தோலுக்கும் விலை இருக்கிறது, கம்பளி முடி இல்லாத உடம்பு வெயிலைத் தாங்குகிறது.

2017 தைப் புரட்சிக்குப் பிறகு காங்கயம் காளை சட்டைகளிலும் கார்க் கண்ணாடிகளிலும் ஏறிக்கொண்டது. காளை வாங்க வரும் இளைஞர்களும் கூடினார்கள். அந்தக் காளை எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. கொரங்காடு அதே ஆண்டுகளில் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆழ்குழாய்க் கிணறு அமைந்த இடத்தில் முருங்கை. மூலனூர் முருங்கைக்காய்க்கு நல்ல பெயர். தண்ணீர் கூடுதலாகக் கிடைத்த இடத்தில் தென்னை. காற்றாலை வந்தது, பிறகு சூரிய மின்தகடுகள் ஏக்கர் ஏக்கராக வந்தன. ஆடிக்காற்றும் சித்திரை வெயிலும் இந்த ஊருக்குச் சுமையாக இருந்த காலம் போய் அவையே விலைபொருளாகிவிட்டன. கொப்பரை காய வைக்க ஏற்ற வெயில் என்பதால்தான் காங்கயம் எண்ணெய் ஊரானது. வெயிலை விற்பது இங்கே புதிதும் இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நான்கு துண்டாக இருந்த காடு ஆளுக்கு ஒரு துண்டாகிறது. ஒரே துண்டு வைத்திருப்பவர் எதை அடைத்து எதைத் திறப்பார்? அங்கே சுழற்சி முடிந்துவிடுகிறது. கிளுவை வேலியைப் பின்னத் தெரிந்த கைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வெள்ளகோவில் விசைத்தறிகளிலும் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் கூலிக்கு யார் வேலி பின்ன வருவார்? கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துவிடுகிறார்கள். கம்பிவேலி மாட்டைத் தடுக்கும். மண்ணைத் தடுக்காது, கவுதாரிக்கு இடம் தராது.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொரங்காட்டை வைத்திருப்பவரிடம் "மண்ணுக்காக வைத்திருங்கள்" என்று சொல்வது சுலபம். சூரிய மின் கம்பெனி ஆண்டுக் குத்தகையை ரொக்கமாகத் தருகிறது. கரிம வரவு என்று சொல்லி மண்ணில் சேரும் கரிமத்துக்குப் பணம் தரும் திட்டங்களைச் சிலர் நம்புகிறார்கள். மேலே பார்த்த கணக்குப்படி இந்த மண்ணில் கரிமம் ஏறும் வேகம் மிகக் குறைவு. அதை அளக்க ஆகும் செலவே வரும்படியைத் தின்றுவிடும் என்பது என் ஊகம். பணம் தர வேண்டுமானால் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதற்குத் தரலாம்: உயிர்வேலி எத்தனை அடி நீளம் நிற்கிறது, வைகாசி கடைசியில் தரையில் எவ்வளவு மூடாக்கு மிஞ்சியிருக்கிறது. வேலியை ஒரு ஆள் நடந்தே அளந்துவிடலாம். துண்டு துண்டாகப் போன பங்காளி நிலங்களை மேய்ச்சலுக்கு மட்டும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். செம்மறி வைத்திருப்பவர்கள் பல பேருடைய காட்டைக் குத்தகைக்கு எடுத்து ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் குத்தகை ஓராண்டுக்கு என்பதால் அவர்களுக்கு அடுத்த ஆண்டுப் புல்லைப் பற்றிக் கவலையில்லை. ஒட்டக் கறும்ப விட்டுப் போகிறார்கள். ஐந்தாண்டுக்கு என்றால் படலைச் சாத்தும் யோசனை தானாக வரும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சிறிய விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு பசலியிலும், அதாவது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கில், எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்ற பதிவேட்டில் எழுதுகிறார். சோளம் என்றால் சோளம், முருங்கை என்றால் முருங்கை. விதைத்த பயிரைக் காட்ட முடியாத நிலத்துக்குப் பெரும்பாலும் விழும் சொல், தரிசு. பயிர்க்கடன், காப்பீடு, வறட்சி நிவாரணம் எல்லாம் அந்தப் பதிவைப் பார்த்தே நகர்கின்றன. மின் திட்டத்துக்கு இடம் தேடி வருபவரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார். மழையில்லாத ஆண்டில் சோளம் போட்டவர் நட்டம் என்று மனு எழுதலாம். கடவை அடைத்து, விதை உதிரும்வரை காத்திருந்து, புல்லே வராமல் போனவர் எந்தப் பயிர் போயிற்று என்று எழுதுவார்?